ஓர்மையில் ஓடும் சர்வர்

நாகர்கோவில் பக்கம் ஞாபகம் என்று சொல்வதைவிட ஓர்மை என்று சொல்வதுதான் வழக்கம். "ஓர்மை இருக்காடே?" என்று யாராவது கேட்டால், பழைய காரியம் ஒன்றைத் தோண்டப்போகிறார்கள் என்று அர்த்தம். எந்தக் கிணறு எந்த மாசம் வற்றும், எந்த மடையை எத்தனை விரக்கடை திறந்தால் கடைசி வயல்வரை தண்ணி போகும், எந்த மோட்டாரை எந்தப் பக்கம் தட்டினால் ஓடும் என்பதெல்லாம் யாரோ ஒருவருடைய ஓர்மையில் இருக்கும். அந்த ஆள் ஊரில் இருக்கும்வரை ஒரு குறையும் இல்லை.

சின்ன ஊர்களில் சர்வர்களும் இப்படித்தான் ஓடுகின்றன. கிளவுட், டேட்டா சென்டர் என்றெல்லாம் பேச்சு இருந்தாலும், மாடிப்படிக்கு அடியில், யூபிஎஸ் பெட்டிக்குப் பக்கத்தில், தூசு படிந்த ஒரு கணினி நாலைந்து நிறுவனங்களின் கணக்கு வழக்கைத் தாங்கிக்கொண்டிருப்பதை நீங்கள் எந்த மாவட்டத் தலைநகரிலும் பார்க்கலாம். அதை நிறுவியவர் ஒருவர் இருப்பார். அதற்குள் என்ன இருக்கிறது, ஏன் அப்படி இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

அந்த ஓர்மையை எழுத்தாக மாற்றும் வேலையைக் கொஞ்ச காலமாகச் செய்துவருகிறேன். அதற்கு இரண்டு தொழில்நுட்பங்கள் கைகொடுத்தன. ஒன்று, தானாக நிறுவிக்கொள்ளும் கருவிகள். இன்னொன்று, எடை குறைந்த மெய்நிகராக்கம், அதாவது இன்று எல்லோரும் கன்டெய்னர் என்று சொல்வது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டும் மனிதர்களின் மறதியைச் சமாளிக்க வந்தவைதான்.

*

ஒரு கணினியில் லினக்ஸ் நிறுவுவது என்பது அடிப்படையில் கேள்விகளுக்குப் பதில் சொல்வது. எந்த மொழி? எந்த நேர மண்டலம்? வட்டை எப்படிப் பிரிக்க வேண்டும்? கடவுச்சொல் என்ன? என்னென்ன மென்பொருள் வேண்டும்? நான் பொறியியல் படித்த காலத்தில் எங்கள் ஆய்வகத்தில் அறுபது கணினிகள் இருந்தன. சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ல் வந்திருந்தது. அதன் குறுந்தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு சனிக்கிழமைகள் ஆளுக்கொரு வரிசையாக உட்கார்ந்து நிறுவினோம். அறுபது கணினிக்கும் அதே கேள்விகள், அதே பதில்கள். ஆனால் முடிவில் அறுபதும் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் நேரம் வேறு, ஒன்றில் வட்டுப் பிரிவு வேறு, ஒன்றின் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஒரே காரியத்தை அறுபது தடவை ஒரே மாதிரி செய்ய மனிதக் கை பழகவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விகளுக்கு முன்கூட்டியே ஒரு கோப்பில் பதில் எழுதி வைத்துவிட்டால் என்ன? இந்த யோசனை அப்போதே பழசு. ரெட் ஹாட்டில் இதற்குக் கிக்ஸ்டார்ட் என்று பெயர். டெபியனில் பிரீசீட். ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே 1999ல் எஃப்.ஏ.ஐ. என்ற கருவியை எழுதினார். 'முழுக்கத் தானாக நிறுவுதல்' என்பதன் சுருக்கம் அது. அதே காலத்தில் இன்டெல் நிறுவனம் பி.எக்ஸ்.இ. என்ற முறையை ஒழுங்குபடுத்தியது. கணினியில் குறுந்தகடும் வேண்டாம், வட்டில் எதுவும் இருக்கவும் வேண்டாம். மின்சாரம் கொடுத்ததும் அது வலையமைப்பில் கூவும்: நான் வந்துவிட்டேன், எனக்கு முகவரி என்ன, எதை எடுத்து ஓட்ட வேண்டும்? இன்னொரு கணினி பதில் சொல்லும். பிறகு பதில் கோப்பு வரும், வட்டு பிரியும், மென்பொருட்கள் இறங்கும். யாரும் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

இதில் எனக்குப் பிடித்த சின்ன விஷயம் ஒன்று உண்டு. ரெட் ஹாட் வகை லினக்ஸைக் கையால் நிறுவினாலும், அனகோண்டா என்ற அதன் நிறுவி, நாம் சொன்ன பதில்களை எல்லாம் ஒரு கிக்ஸ்டார்ட் கோப்பாக எழுதி, நிர்வாகியின் கோப்புறையில் போட்டுவிட்டுத்தான் போகும். "இன்றைக்கு நீ இதையெல்லாம் சொன்னாய், நாளைக்குத் தேவைப்படும்" என்று எடுத்து வைத்துவிட்டுப் போவதுபோல. அதைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள்தான் பெரும்பாலும்.

*

நாகர்கோவிலில் நான் வேலைக்குச் சேர்ந்த சிறு நிறுவனத்தின் சர்வரை அமைத்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கணினி படித்தவர் இல்லை. ரேடியோ, டிவி பழுது பார்ப்பதில் தொடங்கி இந்தப் பக்கம் வந்தவர். சென்ட்ஓஎஸ் 6 போட்ட ஒற்றைக் கணினியில் மூன்று வாடிக்கையாளர்களின் மென்பொருட்களை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு சிறிய மருத்துவமனையின் ஆய்வக முடிவுகள், ஒரு பள்ளியின் கட்டண ரசீது, ஒரு ரப்பர் வியாபாரியின் கணக்கு. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியவை. ஒன்றுக்கு வேண்டிய பி.எச்.பி. பதிப்பு இன்னொன்றுக்கு ஆகாது. அண்ணாச்சி எப்படியோ மூன்றையும் ஒரே கூரைக்குள் சண்டை போடாமல் வைத்திருந்தார்.

இதையெல்லாம் எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லாம் ஓர்மையில இருக்கு மக்கா," என்றார். கொஞ்சம் கழித்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எழுதி வச்சா பொறவு என்னய யாருடே கூப்பிடுவா?"

அதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டம் இல்லாத ஒரு ஆள், பட்டம் வாங்கியவர்கள் நிறைந்த தொழிலில், தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை வைத்துத்தான் நிற்க முடியும். தெரிந்ததை எழுதிக் கொடு என்று கேட்பது, அவர் நிற்கிற பலகையை உருவிக் கொடு என்று கேட்பதுதான்.

2016ல் அவர் மஸ்கட் போனார். எங்கள் மாவட்டத்தில் இது அதிசயம் இல்லை. எந்தத் தெருவிலும் வளைகுடாவில் ஒரு ஆள் இருப்பார். கை வேலை தெரிந்தவர்கள் விமானம் ஏறும்போது, அவர்களோடு சேர்ந்து ஏதோ ஒன்றின் ஓர்மையும் ஏறிப் போகிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தை அடித்தது. ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் விழுந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடலுக்குப் போனவர்களைக் கரையில் காத்திருந்தவர்களின் துயரத்துக்கு முன்னால் ஒரு சர்வரைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மருத்துவமனைகள் அந்த நாட்களில்தான் அதிகம் ஓடின, அவற்றுக்கு அந்த ஆய்வக முடிவுகள் வேண்டியிருந்தன. விட்டு விட்டு வந்த மின்சாரத்தில் எங்கள் கணினியின் வட்டு போய்விட்டது.

தகவல்கள் தப்பித்தன. தினமும் ஒரு வெளி வட்டில் நகல் எடுக்கும் ஏற்பாட்டை அண்ணாச்சி செய்து வைத்திருந்தார். அதைத் திரும்ப ஏற்ற ஒரு மணி நேரம் போதும். ஆனால் எதன்மேல் ஏற்றுவது? எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு, எந்த அனுமதி, எந்த வரிசை? அனகோண்டா எழுதி வைத்திருந்த கோப்பும் செத்த வட்டோடு போய்விட்டது. அது இருந்திருந்தாலும் முதல் நாளின் கதைதான் அதில் இருந்திருக்கும், அதற்குப் பின் ஐந்து வருடம் அண்ணாச்சி செய்த திருத்தங்கள் இருந்திருக்காது. மஸ்கட்டுக்கு வாட்ஸ்அப்பில் எழுதுவதும், நெட்வொர்க் கிடைக்கும் இடம் தேடிப் பைக்கில் போய்ப் பதிலைப் பார்ப்பதுமாக ஒன்பது நாள் ஆனது. அதுவரை மருத்துவமனையில் முடிவுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

தகவலைக் காப்பாற்றுவது வேறு, அந்தத் தகவல் குடியிருக்கும் வீட்டைக் காப்பாற்றுவது வேறு. முதலாவதற்கு எல்லோரும் ஏற்பாடு செய்கிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் யாரோ ஒருவரின் ஓர்மையில்தான் கிடக்கிறது.

*

வீடு என்று சொன்னதால் அந்த வழியிலேயே கன்டெய்னரைச் சொல்லிவிடலாம். ஒரு கணினிக்குள் பல கணினிகளை உருவாக்க இரண்டு வழி உண்டு. முதல் வழி, முழு மெய்நிகர் எந்திரம். ஒரே மனையில் நாலு தனி வீடு கட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கிணறு வெட்டுவது போன்றது. கிணறு என்பது இங்கே கெர்னல், இயங்குதளத்தின் கரு. ஒவ்வொரு மெய்நிகர் எந்திரமும் தன் கெர்னலைத் தானே ஏற்றி ஓட்டும். பாதுகாப்பு அதிகம், செலவும் அதிகம்.

இரண்டாவது வழி, லைன் வீடு. வரிசையாக ஐந்தாறு வீடுகள். வாசல் தனி, அடுக்களை தனி, பூட்டும் சாவியும் தனி. கிணறு மட்டும் பொது. கன்டெய்னர் இதுதான். உள்ளே இருப்பவருக்குத் தனிக் கணினி மாதிரியே தெரியும். ஆனால் கெர்னல் ஒன்றே ஒன்று. அதனால் ஒரு கன்டெய்னர் எழுந்து நிற்க ஓரிரு நொடி போதும்.

இது டாக்கரோடு வந்த புதுமை என்று பலர் நினைக்கிறார்கள். டாக்கர் 2013ல் வந்தது. ஒரு நிரலைக் குறிப்பிட்ட கோப்புறைக்குள் அடைத்து, அதுதான் உலகம் என்று நம்ப வைக்கும் 'சி-ரூட்' வசதி 1979லேயே யூனிக்ஸில் வந்துவிட்டது. 2000ல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்' என்று பெயர் வைத்து அதைச் செம்மை செய்தது. 2001ல் லினக்ஸ்-விசர்வர், 2005ல் சோலாரிஸ் ஸோன்களும் ஓப்பன்விஇசட்டும் வந்தன. ஓப்பன்விஇசட்டுக்குத் திருத்தப்பட்ட தனிக் கெர்னல் வேண்டும். வழக்கமான லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இந்த வசதிகள் மெல்ல மெல்லத்தான் நுழைந்தன.

பொதுக் கிணறு என்றால் தண்ணீர்ச் சண்டை வரத்தானே செய்யும்? ஒரு வீட்டுக்காரர் மோட்டார் வைத்து முழுக்க இறைத்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? இதற்குத்தான் 'சிகுரூப்' என்ற ஏற்பாடு. கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006ல் தொடங்கிய வேலை, 2008 ஜனவரியில் கெர்னலின் 2.6.24 பதிப்பில் சேர்ந்தது. அடுத்த பதிப்பில் நினைவகத்துக்கான கட்டுப்பாடு வந்தது. அதை எழுதியவர்களில் முக்கியமானவர் ஐபிஎம் இந்தியாவில் இருந்த பல்பீர் சிங். செயலியின் நேரத்தைக் குழுக்களுக்கிடையில் பங்கிடும் பகுதியில் அதே ஐபிஎம் இந்தியாவின் ஸ்ரீவத்ச வத்தகிரி வேலை செய்தார். இன்று உலகம் முழுக்க ஓடும் கன்டெய்னர்கள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை குடம் என்று அளந்து ஊற்றும் முறையில் நம் ஊர்க்காரர்கள் கையும் இருக்கிறது. இது கல்லூரியில் யாரும் எங்களுக்குச் சொல்லாத செய்தி.

லைன் வீட்டின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கிணற்றில் ஏதாவது விழுந்தால் எல்லா வீட்டுக்கும் கேடு. கெர்னலில் ஓட்டை என்றால் எல்லாக் கன்டெய்னருக்கும் ஓட்டை. ஒன்றையொன்று நம்பாத ஆட்களைக் குடிவைக்க லைன் வீடு ஏற்றதல்ல. எங்கள் மூன்று மென்பொருட்களும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்ததால் அது போதுமானதாக இருந்தது.

*

2018 தொடக்கத்தில் புதிய கணினி ஒன்று வாங்கினோம். இந்தத் தடவை ஒன்றையும் கையால் நிறுவக்கூடாது என்று முடிவு செய்தோம்.

அடியில் டெபியன் 9. அது பிரீசீட் கோப்பிலிருந்து தானாக நிறுவிக்கொள்ளும். அதன்மேல் பிராக்ஸ்மாக்ஸ். வியன்னாவிலிருந்து வரும் கட்டற்ற மென்பொருள் இது. முழு மெய்நிகர் எந்திரம், கன்டெய்னர் இரண்டையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும். முதலில் ஓப்பன்விஇசட்டைப் பயன்படுத்தியது, 2015ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து எல்.எக்ஸ்.சி.க்கு மாறிவிட்டது. அதற்குள் வாடிக்கையாளருக்கு ஒன்றாக மூன்று கன்டெய்னர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் வேண்டியதைச் செய்து முடிக்க ஆன்சிபிள்.

நிறுவல் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேலை என்பது இங்கேதான் தெளிவாகத் தெரிந்தது. முதல் பாதி, எந்திரத்துக்கு உயிர் கொடுப்பது: வட்டைப் பிரிப்பது, கெர்னலைப் போடுவது, தொடக்க நிரலை எழுதுவது. இரண்டாம் பாதி, அதை ஒரு வேலைக்குத் தயார் செய்வது: மென்பொருட்கள், பயனர்கள், அனுமதிகள், அமைப்புகள். கன்டெய்னரில் முதல் பாதிக்கு வேலையே இல்லை. பிரிக்க வட்டு இல்லை, போடக் கெர்னல் இல்லை. அடிப்படைக் கோப்புகளை ஒரு கோப்புறையில் விரித்து வைத்தால் கன்டெய்னர் பிறந்துவிட்டது. பழைய கருவிகளில் சில இதற்கும் இடம் வைத்திருந்தன. எஃப்.ஏ.ஐ.யில் வட்டுக்குப் பதிலாக ஒரு கோப்புறைக்குள் நிறுவு என்று சொல்லத் தனிக் கட்டளையே உண்டு. அதே பதில்கள், அதே வரிசை, மண் மட்டும் வேறு.

சில முரண்டுகளும் உண்டு. தனிக் கணினிக்கு எழுதிய நிறுவல் வரிகளை அப்படியே கன்டெய்னருக்குள் ஓட்டினால் சில இடத்தில் இடிக்கும். உதாரணத்துக்கு, நேரம் சரிசெய்யும் சேவை. கடிகாரம் கெர்னலிடம் இருக்கிறது, அதைத் தொட வாடகைக்காரருக்கு உரிமை இல்லை. ஆகவே அந்த வரி வெளியே உள்ள தாய்க் கணினிக்குப் போக வேண்டும். எது வீட்டுக்காரர் வேலை, எது குடியிருப்பவர் வேலை என்று ஒவ்வொரு வரியாகப் பிரித்ததில், அண்ணாச்சியின் பழைய கணினியில் எது எதற்காக இருந்தது என்பது முதல் தடவையாகப் புரிந்தது.

ஆன்சிபிளை எழுதியவர் மைக்கேல் டிஹான். அதற்கு முன் ரெட் ஹாட்டில் இருந்தபோது, வலையமைப்பு வழியாகப் பல கணினிகளில் நிறுவ உதவும் காப்லரையும் அவர்தான் எழுதினார். முதல் பாதிக்கு ஒரு கருவி, பிறகு 2012ல் இரண்டாம் பாதிக்கு ஒன்று. ஆன்சிபிள் என்ற சொல் அர்சுலா லெ குவினின் அறிவியல் புனைகதையிலிருந்து வந்தது. விண்மீன்களுக்கிடையில் கணத்தில் செய்தி அனுப்பும் கருவிக்கு 1966ல் அவர் வைத்த பெயர் அது.

ஆன்சிபிளில் நாம் எழுதுவது 'இதைச் செய்' என்பதைவிட 'இது இப்படி இருக்க வேண்டும்' என்பது. இந்தக் கோப்பு இங்கே இருக்க வேண்டும், இந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஏற்கெனவே அப்படி இருந்தால் அது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கும். இல்லையென்றால் சரிசெய்யும். பத்துத் தடவை ஓட்டினாலும் ஒரே நிலையில்தான் வந்து நிற்கும். 1993ல் மார்க் பர்ஜெஸ் சிஎஃப்எஞ்சினை எழுதிய காலத்திலிருந்து இந்தக் கருவிகள் எல்லாம் சுற்றிவருவது இந்த ஒரு எண்ணத்தைத்தான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எழுதி வைத்த குறிப்பு உண்மையா என்று எப்படித் தெரியும்? ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓட்டிப் பார்க்க வெறுமையான கணினி வேண்டும். முன்பு அதற்கு யாரிடம் வசதி இருந்தது? கன்டெய்னர் அந்த வெறுமையான கணினியை ஏறக்குறைய இலவசமாகக் கொடுக்கிறது. ஒவ்வொரு ஞாயிறு இரவும் எங்கள் கணினி தானாக ஒரு புதுக் கன்டெய்னரை உருவாக்கும். எழுதி வைத்த எல்லா வரிகளையும் அதில் ஓட்டும். முந்தின நாள் நகலை ஏற்றும். மருத்துவமனையின் பழைய முடிவு ஒன்றைக் கேட்டுப் பார்க்கும். சரியாக வந்தால் கன்டெய்னரை அழித்துவிட்டு ஒரு வரி செய்தி அனுப்பும். மொத்தம் இருபது நிமிடத்துக்குள். ஒன்பது நாள் வேலை இப்போது வாராவாரம் யாரும் விழித்திருக்காமல் நடக்கிறது. எழுதிய குறிப்புகள் பழசாகிப் பொய்யாவது வழக்கம். வாரம் ஒருமுறை ஓட்டப்படும் குறிப்பு பொய்யானால் திங்கட்கிழமை காலையில் தெரிந்துவிடும்.

*

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், எதற்கு இவ்வளவு வரி எழுதணும், நன்றாக ஓடுகிற கன்டெய்னரை அப்படியே நகல் எடுத்து வச்சுக்கிட்டால் போதாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர்த் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் விடை எளிதில் புரியும். அங்கே மரங்கள் விதையிலிருந்து அப்படியே வளர்பவை இல்லை. தேர்ந்த மரத்தின் மொட்டை நாற்றில் ஒட்டி வளர்ப்பது வழக்கம். கோட்டயத்திலுள்ள ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980ல் வெளியிட்ட ஆர்ஆர்ஐஐ 105 அப்படிப் பரவிய ரகம். தொழிலில் இதற்கு குளோன் என்றே பெயர். பால் நிறைய வரும், எல்லா மரமும் ஒன்றுபோல இருக்கும். ஒரு நோய் வந்தாலும் எல்லா மரத்துக்கும் ஒன்றுபோல வரும்.

கணினி நகலும் அதேதான். எந்திர அடையாள எண், பாதுகாப்புச் சாவிகள்வரை நகலாகும். இரண்டு கணினிகள் ஒரே சாவியோடு உலவும். அதைவிட முக்கியம், நகல் வாய் திறந்து பேசாது. எது எதற்காக இருக்கிறது என்று அதனிடம் கேட்க முடியாது. எழுதி வைத்த வரிகளை மாற்றலாம், கழிக்கலாம், புதிய பதிப்புக்குக் கொண்டுபோகலாம். நகல் ஓர்மையைப் புட்டியில் அடைப்பது. வரிகள் ஓர்மையைப் படிக்கத் தருவது.

*

ஆனால் வரிகளும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது.

நாஞ்சில் நாட்டுக் கல்யாணங்களில் சமையலுக்கு வருபவரைத் தவசிப்பிள்ளை என்போம். ஆக்குப்புரையில் முதல் நாள் ஒன்றும் இருக்காது. வார்ப்பும் சருவமும் விறகும் வந்து இறங்கும். ஒரே இரவில் அங்கே அடுக்களை எழும்பும், அவியலும் எரிசேரியும் ஓலனும் பிரதமனும் பந்திக்கு வரும், மறுநாள் சாயங்காலம் அந்த இடம் மறுபடியும் வெறும் முற்றம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கன்டெய்னரும் இதைத்தான் செய்கிறது. தவசிப்பிள்ளை கொடுக்கும் சாமான் லிஸ்ட் சுத்தமாக இருக்கும். எத்தனை பேருக்கு எத்தனை தேங்காய், எத்தனை படி அரிசி. ஆனால் பிரதமனை எந்த நேரத்தில் இறக்குவது என்பது லிஸ்டில் இருக்காது. அது கைப்பக்குவம்.

சர்வரில் கைப்பக்குவம் என்று ஒன்று உண்டா? வாசனை பார்த்து இறக்க அங்கே ஒன்றும் இல்லை. செய்யவேண்டியது எதுவானாலும் எழுதிவிடலாம். எழுதாமல் விடுபடுவது ஒன்றுதான்: ஏன் அப்படி.

அண்ணாச்சியின் அமைப்பில் இப்படி மூன்று விநோதங்கள் இருந்தன. பள்ளியின் கட்டண ரசீது அச்சாக ஒரு பழைய டாப் எழுத்துரு வேண்டும். 2010லேயே தமிழக அரசு யூனிகோடுக்கு மாறும் முடிவை அறிவித்துவிட்டது. ரசீது மென்பொருளுக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. அந்த எழுத்துரு எந்த மென்பொருள் களஞ்சியத்திலும் கிடைக்காது. அடுத்து, ரப்பர்க் கணக்கு மென்பொருளுக்கு நினைவகம் ஐந்நூற்றுச் சொச்சம் எம்பிக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று ஒரு எல்லை. மூன்றாவது, மருத்துவமனைத் தகவலின் நகல் எடுக்கும் நேரம். சரியாக அதிகாலை 3:40.

அதென்ன 3:40? எல்லோரும் இரண்டு மணி, மூன்று மணி என்று முழு எண்ணாகத்தானே வைப்பார்கள். மஸ்கட்டுக்குக் கூப்பிட்டேன்.

"அது மக்கா, நைட் டூட்டி சிஸ்டர் மூணு மணிக்கு மேல ரிசல்ட் லிஸ்ட் எடுப்பா. அந்நேரம் பேக்கப் ஓடுச்சுன்னா பிரிண்டர் நின்னு போவும். பாவம், அந்தப் பிள்ள டாக்டர்ட்ட ஏச்சு வாங்கும். மூணரைக்குள்ள முடிச்சிருவா. பத்து நிமிசம் கூட வச்சேன். அவ்ளதான்."

நினைவக எல்லைக்கும் இதேபோல ஒரு கதை இருந்தது, எழுத்துருவுக்கும் இருந்தது. நான் ஆன்சிபிள் கோப்பில் அந்த மூன்று வரிகளுக்கும் மேலே, கணினி படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக, அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தமிழில் எழுதி வைத்தேன். யார் சொன்னது, எந்தத் தேதி என்பதும் சேர்த்து. கணினிக்கு அந்த வரிகள் வேண்டாம். 3:40 என்றால் 3:40. ஆனால் அந்தச் சிஸ்டர் கோப்பில் இல்லாவிட்டால், அடுத்து வரும் ஆளுக்கு 3:40 ஒரு தொன்மம். தொடவும் பயம், விடவும் பயம். நம் தொழிலில் 'அதைத் தொடாதே, ஏன் என்று தெரியாது, ஆனால் ஓடுகிறது' என்று சொல்லப்படும் இடங்கள் எல்லாம், யாரோ ஒருவர் யோசித்துச் செய்து, காரணம் மட்டும் ஊரைவிட்டுப் போன இடங்கள்தான்.

அண்ணாச்சியின் பயம் பொய்யில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். புயலுக்குப் பிறகு ஆறேழு மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூன்று கன்டெய்னரும் எழுத்தில் வந்த பிறகு அழைப்புகள் குறைந்து, பின் பொங்கலுக்கும் ஓணத்துக்கும் மட்டும் என்றாகிவிட்டது. அந்த ஆறேழு மாதத்துக்கு நிறுவனம் அவருக்கு ஆலோசனைக் கட்டணம் கொடுத்தது. அது நான் கேட்டு வாங்கியது. ஆனால் ஒரு ஆளின் பத்து வருட ஓர்மைக்கு அது சரியான விலையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தானியங்கிக் கருவிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்கு என்ன மிச்சம் என்ற கணக்கை யாரும் போடுவதில்லை. எழுதச் சொல்கிறவர்கள் கூலியையும் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும், குறைந்தபட்சம் அவ்வளவாவது.

மறு வருடம் விடுப்பில் வந்தபோது கோப்பைத் திறந்து காட்டினேன். தன் பேச்சைத் தானே திரையில் படித்தார். "சிஸ்டர் கதையக்கூட எழுதி வச்சிருக்கியே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

போன வருடம் புதிதாகச் சேர்ந்த பெண், அண்ணாச்சியைப் பார்த்ததே இல்லாதவள், ஒருநாள் என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, இந்த மூணு நாப்பது இன்னும் வேணுமா? ஆஸ்பத்திரில கேட்டேன். இப்ப சிஸ்டர்மாரு லிஸ்ட அஞ்சு மணிக்குத்தான் எடுக்காங்களாம், போன்லயே பாத்துக்கிடுகாங்க. பிரிண்டரே இல்லயாம்."

நேரத்தை இரண்டு மணிக்கு மாற்றினாள். அண்ணாச்சியின் குறிப்பை அழிக்கவில்லை. அதற்குக் கீழே தன் பெயரும் தேதியும் போட்டு, யாரிடம் கேட்டாள், என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி சேர்த்தாள். ஞாயிறு இரவு கன்டெய்னர் எழுந்தது, புது நேரத்தோடு எல்லாம் சரியாக ஓடியது, அழிந்தது. திங்கட்கிழமை காலை வழக்கமான ஒரு வரிச் செய்தி வந்திருந்தது.